திரையில் வரைந்தது கையில் வரும் வரை: இயந்திர வடிவமைப்பை எப்படிக் கற்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மெக்கானிக்கல் படித்திருக்கிறீர்கள். கணினியில் பொருளை வரையும் ஒரு கேட் (CAD) மென்பொருளில் வகுப்பு முடித்துவிட்டீர்கள், கட்டளைகள் எல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு பொருளை நீங்களே வடிவமைத்துத் தயாரிப்புக்கு அனுப்பச் சொன்னால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கேட், சிமுலேஷன் (பொருள் விசையைத் தாங்குமா என்று கணினியில் சோதிப்பது), கேம் (CAM, இயந்திரம் வெட்ட வேண்டிய வழியைக் கணினியில் தயாரிப்பது) இந்த மூன்றையும் எந்த வரிசையில் படிப்பது, எந்த மென்பொருளை எடுப்பது, சொந்தமாக இயந்திரம் இல்லாதவர் கற்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

வரிசை போட்டுப் படிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். ஆறு மாதம் கேட், அடுத்த ஆறு மாதம் சிமுலேஷன், அப்புறம் கேம் என்று பிரித்துப் படித்த பலரோடு வேலை செய்திருக்கிறேன். மாடல் அழகாக இருக்கும், ஆனால் வெட்ட முடியாது. சிமுலேஷன் படம் வண்ணவண்ணமாக வரும், அதில் உள்ள எண் சரியா என்று கேட்டால் பதில் வராது. அவர்களிடம் திறமைக் குறைவு கிடையாது. ஒரே பொருள் கடந்து போகும் மூன்று கட்டங்களை மூன்று தனிப் பாடங்களாகப் படித்ததுதான் காரணம். அதனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளை எடுங்கள். அதை வரையுங்கள், கணக்குப் போடுங்கள், செய்யுங்கள், அளந்து பாருங்கள். அளவில் கண்ட பிழையை மாடலில் திருத்தி மறுபடி செய்யுங்கள். இந்தச் சுற்றை ஒரே பொருளில் மூன்று முறை முடித்தவருக்கு, முப்பது மாடல் வரைந்தவரைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

என்ன பொருள்? நான் எப்போதும் சொல்வது ஒரு பேரிங் பிளாக். 608 என்ற பேரிங் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஸ்கேட்டிங் சக்கரங்களில் இருப்பது. உள் விட்டம் 8 மி.மீ., வெளி விட்டம் 22, அகலம் 7. அப்படி இரண்டு பேரிங், அவற்றைத் தாங்க 50 மி.மீ. நீளத்தில் ஒரு அலுமினியக் கட்டை, நடுவே 8 மி.மீ. தண்டு ஒன்று, தண்டின் முனையில் கையால் சுற்ற ஒரு பிடி. கட்டையின் அடியில் எம்6 போல்ட்டுக்கு இரண்டு மரைத்துளை. அவ்வளவுதான். எளிமையாகத் தெரியும், ஆனால் இயந்திர வடிவமைப்பின் பாதிக் கேள்விகள் இதற்குள் இருக்கின்றன.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு காகிதத்தில் குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். கோடு நேராக இருக்கத் தேவையில்லை. படத்தைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது எதைத் தொடுகிறது? எது அசைய வேண்டும், எது அசையக் கூடாது? எந்தப் பாகம் எந்த வழியாக உள்ளே போகும்? முதல் தடவை எல்லோரும் போடும் படம் இப்படி இருக்கும்: கட்டையின் இரு பக்கமும் 22 மி.மீ. விட்டத்தில் 7 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம், நடுவில் 19 மி.மீ. துளை. இரண்டு விட்டங்களும் சேருமிடத்தில் ஒரு படி வருமல்லவா, அந்தப் படியில் பேரிங்கின் வெளி வளையம் போய் உட்காரும். உள் வளையம் கட்டையில் எதையும் தொடாது. படம் சரியானதுதான். இதையே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

இப்போது மாடலுக்கு வருவோம். கட்டளைகள் உங்களுக்குத் தெரியும் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்கெட்சில் கோடு வரைவது சின்ன வேலை. கோடுகளுக்கு இடையிலான உறவைச் சொல்வதுதான் பெரிய வேலை. இது இன்று நேற்று வந்த எண்ணமும் அல்ல. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலிலேயே இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று கணினியிடம் சொல்லிவிட முடிந்தது. திரையில் ஒளிப்பேனாவால் வரைந்த காலம் அது. இப்படிப்பட்ட உறவு நிபந்தனையைத்தான் கன்ஸ்ட்ரெயின்ட் என்கிறோம், இன்று நீங்கள் சொடுக்கும் ஒவ்வொன்றும் அந்த வழியில் வந்ததுதான். அதனால் ஸ்கெட்சில் ஒரு புள்ளிகூடத் தளர்வாக இருக்க விடாதீர்கள். பேரிங்கின் உள் விட்டம், வெளி விட்டம், அகலம், தண்டின் நடுப்புள்ளி அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரம் ஆகிய நான்குக்கும் பெயர் வைத்து, மற்ற அளவுகள் அவற்றிலிருந்து பிறக்கும்படி செய்யுங்கள்.

மாடல் நல்ல மாடலா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 608-ஐ எடுத்துவிட்டு 6000 பேரிங்கைப் போடுங்கள். அதன் அளவு 10, 26, 8. மூன்று எண்களை மாற்றியதும் கட்டை தானாக மாறி நிற்கிறதா, அல்லது மாடலின் படிகளை வரிசையாகக் காட்டும் அம்ச மரத்தில் பாதி சிவப்பாகி உடைகிறதா? உடைந்தால் வருத்தப்படாதீர்கள், உட்கார்ந்து ஏன் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்கெட்சை இன்னொரு அம்சத்தின் விளிம்பில் தொங்கவிட்டிருப்பீர்கள், அந்த விளிம்பு காணாமல் போயிருக்கும். ஸ்கெட்சுகளை முடிந்தவரை மூலத் தளங்களில் வையுங்கள், விளிம்பை வளைக்கும் ஃபில்லட்டையும் சரிவாக வெட்டும் சேம்ஃபரையும் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த இரண்டையும் பழகினாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

அடுத்தது டாலரன்ஸ், அதாவது ஓர் அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு. இந்தத் துறையில் வேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வகுப்புகளில் இதற்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

திரையில் துளை 22, பேரிங்கும் 22. நிஜத்தில் எதுவும் 22 ஆக இருக்காது. 22.03 என்று வந்தால் பேரிங் தளரும், 21.98 என்று வந்தால் அடித்து ஏற்ற வேண்டியிருக்கும், அடித்தால் பேரிங் கெடும். அதனால் டிராயிங்கில் '22 எச்7' என்று எழுதுகிறோம். பெரிய எழுத்து எச் போட்டால் அது துளைக்கானது, கீழ் எல்லை சரியாக 22.000. 7 என்பது தர எண். இந்த விட்டத்துக்கு அது 0.021 மி.மீ. அகலத்தைக் கொடுக்கிறது. ஆக துளை 22.000-க்கும் 22.021-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் ஏற்கத்தக்கது. தண்டுக்குச் சிறிய எழுத்து. 8 மி.மீ. தண்டுக்கு ஜி6 கொடுத்தால் 7.986-க்கும் 7.995-க்கும் இடையில் வரும். கையால் சுற்றும் கருவி என்பதால் இது போதும், பேரிங் லேசான தள்ளலில் ஏறிவிடும். மோட்டார் போட்டு வேகமாக ஓட்டுவதாக இருந்தால் தண்டோடு பேரிங்கின் உள் வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும், அப்போது எழுத்து மாறும். இந்தப் பட்டியல் ஐ.எஸ்.ஓ. 286 என்ற தரநிலையில் இருக்கிறது. மனப்பாடம் வேண்டாம். எச்7-ஓடு ஜி6, எச்6, பி6 சேரும்போது கையில் எப்படி உணர்கிறது என்பது தெரிந்தால் போதும்.

அளவு இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று எல்லா அளவுக்கும் ±0.01 போடாதீர்கள். கட்டையின் வெளி நீளம் 50 என்பது 50.3 ஆனால் யாருக்கு நஷ்டம்? ஒவ்வோர் அளவிலும் நின்று 'இது 0.2 தவறினால் எது வேலை செய்யாது?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அளவைத் தளர்த்துங்கள். இந்தக் கட்டையில் இறுக்கமாக வேண்டியவை உண்மையில் இரண்டே: பேரிங் துளைகளின் விட்டம், அந்த இரண்டு துளைகளும் ஒரே அச்சில் இருப்பது.

துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எக்ஸ் திசையில் ±0.1, ஒய் திசையில் ±0.1 என்று எழுதினால், துளையின் நடுப்புள்ளி 0.2 மி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் இருக்கலாம் என்று பொருள். சதுரத்தின் மூலையில் இருந்தாலும் நீங்கள் ஏற்கிறீர்கள், மூலை நடுவிலிருந்து 0.14 தூரம். அதே 0.14 பக்கவாட்டில் இருந்தால் மட்டும் ஏன் தள்ள வேண்டும்? போல்ட்டுக்கு எந்தத் திசை என்பது தெரியவே தெரியாது. 0.28 விட்டமுள்ள வட்டமாகச் சொல்லிவிட்டால், பொருத்தம் கெடாமலே வெட்டுபவருக்கு 57 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கிறது. வடிவியல் டாலரன்ஸ் என்ற மொழி முழுவதும் இப்படிப்பட்ட நியாயத்தால் ஆனது. குறியீடுகளைப் பார்த்துப் பயந்து அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி தயாரிப்பு. இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுமினியத்தில் ஒரு பெட்டி வடிவப் பாகம் வரைந்தேன். உள்ளே 40 மி.மீ. ஆழத்தில் ஒரு செவ்வகப் பள்ளம். மூலைகளைக் கூராகவே விட்டிருந்தேன், திரையில் நேர்த்தியாக இருந்தது. மில்லிங் மெஷினில் இருந்த மூத்தவர் டிராயிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இந்த மூலைக்கு எந்த டூலைப் போடச் சொல்றீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மில்லிங் டூல் சுற்றும், சுற்றுகிற டூல் உள்மூலையில் தன் ஆரத்தை விட்டுவிட்டுத்தான் போகும். 6 மி.மீ. டூல் போட்டால் 3 மி.மீ. ஆரம் இருந்தே தீரும். சரி என்று மூலையில் 1.5 மி.மீ. ஆரம் கொடுத்துத் திருத்திக் கொண்டு போனேன். அவர் கோபப்படவில்லை. ஒரு 3 மி.மீ. டூலை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை நாப்பது மில்லிமீட்டர் வெளியில நீட்டிப் பிடிச்சா என்ன ஆகும், வளைச்சுப் பாருங்க" என்றார். வளைக்கவே தேவையில்லை, கையில் வைத்ததுமே புரிந்துவிட்டது. டூலின் விட்டத்தைப்போல மூன்று நான்கு மடங்கு ஆழம் வரை நிம்மதியாக வெட்டலாம். அதற்கு மேல் போகப் போக டூல் வளையும், அதிரும், சுவரில் அலைஅலையாகத் தடம் விழும், கடைசியில் உடையும்.

அன்று மூலைக்கு 5.5 மி.மீ. ஆரம் என்று முடிவானது. 10 மி.மீ. டூலின் ஆரம் 5 தானே, கூடுதலாக அரை மி.மீ. எதற்கு? ஆரம் சரியாக 5 ஆக இருந்தால் டூல் மூலைக்குள் போய் நின்று திரும்ப வேண்டும். அந்த நொடியில் டூலின் கால் சுற்றளவு உலோகத்தில் பட்டு அதிரும். சற்றுப் பெரிய ஆரமென்றால் நிற்காமல் வளைந்து போய்விடும். எந்தக் கேட் மென்பொருளும் இதை உங்களிடம் சொல்லாது. வெட்டுபவர்தான் சொல்வார். அவரிடம் போய்க் கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பேரிங் பிளாக்குக்குத் திரும்புவோம். கேம் மென்பொருளைத் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, கட்டையை எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள் என்பது. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானில்) பிடித்து மேலிருந்து ஒரு பக்கப் பள்ளத்தை வெட்டலாம். மறுபக்கப் பள்ளத்துக்குக் கட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பிப் பிடித்தால் பழைய நடுப்புள்ளி போய்விட்டது, மறுபடி தேடி எடுக்க வேண்டும். எவ்வளவு கவனமாகத் தேடினாலும் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. விலகும். எது இறுக்கமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோமோ, அந்த ஒரே அச்சு, சரியாக அதுவே கைநழுவுகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. 608-இன் வெளி விளிம்பு வளைவு குறைந்தது 0.3 மி.மீ. தான். உங்கள் டூலின் முனை ஆரம் 0.5 ஆக இருந்தால் படியின் மூலையில் 0.5 வளைவு மிஞ்சும், பேரிங் அதன்மேல் ஏறி நிற்கும், படியில் உட்காராது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

இப்போது என்ன செய்யலாம்? டிராயிங்கில் டாலரன்ஸை இன்னும் இறுக்கி எழுதிக் கொடுத்துவிடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். அதைவிட நல்ல வழி, படியையே தூக்கிவிடுவது. 22 எச்7 துளையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பிடியில், துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் ஒரே போரிங் டூலால் நேராகப் போட்டுவிடுங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவே 21.8 வெளி விட்டமும் 19 உள் விட்டமும் கொண்ட ஒரு குழாய்த் துண்டை ஸ்பேசராக வையுங்கள். படி செய்த வேலையை அது செய்யும். இரு முனையிலும் வெளியே வராமல் பிடிக்க ஆளுக்கொரு சர்க்லிப், அதாவது துளைக்குள் வெட்டிய சிறு பள்ளத்தில் மாட்டும் வில் வளையம். ஒரே அச்சு என்பது இப்போது எழுதிக் கேட்க வேண்டிய அளவாக இல்லை, வெட்டும் முறையிலேயே கிடைத்துவிட்டது. மூலை ஆரத் தொல்லை ஒழிந்தது. ஸ்பேசரின் நீளத்தைக் கடைசியில், சர்க்லிப் பள்ளங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பார்த்து வெட்டிக்கொள்ளலாம். ஒரு பாகம் கூடியிருக்கிறது, ஆனால் மொத்த வேலை எளிதாகிவிட்டது.

கேட் முடித்து, ஓராண்டு கழித்துக் கேம் படிக்கிறவருக்கு இந்தத் திருப்பம் கிடைக்கவே கிடைக்காது. மாடல் அப்போது பழைய கோப்பாகிக் கிடக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே பொருளில் செய்கிறவர்தான் தயாரிப்பிலிருந்து வடிவமைப்புக்குத் திரும்பி வருவார்.

வேகக் கணக்கையும் மென்பொருளின் இயல்பு மதிப்புக்கு விட்டுவிடாமல் ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அலுமினியத்தைக் கார்பைடு டூலால் வெட்ட, டூலின் விளிம்பு நிமிடத்துக்கு 200 மீட்டர் ஓடலாம் என்று வைத்துக்கொள்வோம். அதை மில்லிமீட்டராக்கி டூலின் சுற்றளவால் வகுத்தால் சுற்று வேகம் வரும். 10 மி.மீ. டூலுக்குச் சுற்றளவு 31.4, ஆக நிமிடத்துக்குச் சுமார் 6,370 சுற்று. டூலுக்கு மூன்று பல், ஒவ்வொரு பல்லும் 0.05 மி.மீ. கடிக்க வேண்டுமென்றால் ஃபீட், அதாவது டூல் முன்னேறும் வேகம், நிமிடத்துக்குச் சுமார் 955 மி.மீ. பல் கடிக்கும் அளவை ரொம்பவும் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கடிக்காமல் தேய்க்கும், தேய்த்தால் சூடேறும், அலுமினியம் டூலில் ஒட்டிக்கொள்ளும்.

இயந்திரத்தை ஓட்டக் கேம் தரும் கட்டளை வரிகளான ஜி-கோடில் முதல் இருபது வரிகளையாவது படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1952-இல் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவைக் கொண்டு ஒரு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரத்துக்கு எண்களால் வழி சொல்வது என்ற அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை. ஜி0 என்றால் வெட்டாமல் விரைந்து போ, ஜி1 என்றால் சொன்ன ஃபீடில் நேராக வெட்டிப் போ, ஜி2-உம் ஜி3-உம் வளைந்து போ, ஜி54 என்றால் பொருளின் மூலப்புள்ளி இதுதான். ஜி0 வரியில் உயரத்தைக் குறிக்கும் இசட் மைனஸில் இறங்குவதைக் கண்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு யோசியுங்கள். டூல் முழு வேகத்தில் உலோகத்துக்குள் இறங்கப் போகிறது என்று அது சொல்கிறது.

பொருள் கைக்கு வந்ததும் அளக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களே அதிகம். போட்டுப் பார்த்தால் பொருந்துகிறது, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 0.02 காட்டும் வெர்னியரால் 0.021 அகலமுள்ள டாலரன்ஸைச் சோதிக்க முடியாது, அளவுகோலின் ஒரு பிரிவே அந்த டாலரன்ஸ் அளவுக்கு இருக்கிறது. துளையின் உள் விட்டத்தை நுட்பமாக அளக்கும் போர் கேஜ் வேண்டும், அல்லது ஒரு முனை போக வேண்டும் மறுமுனை போகக் கூடாது என்று அமைந்த பிளக் கேஜ் வேண்டும். வெட்டிய சூட்டோடு அளக்காதீர்கள். அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்பட்டவை. அலுமினியம் 10 டிகிரி சூடானால் 22 மி.மீ. துளை 0.005 மி.மீ. பெரிதாகும். நம்மிடம் இருக்கும் இடமே 0.021 தான், அதில் கால் பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. அளந்த எண்களை டிராயிங்கின் ஒரு நகலில் சிவப்பு மையால் ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் எழுதுங்கள். மூன்று பொருள் இப்படி அளந்த பிறகு, எந்த வேலைக்கு எவ்வளவு விலகல் இயல்பு என்பது உங்களுக்கே படிந்துவிடும்.

சிமுலேஷன் பற்றிக் கேட்டீர்கள். பேரிங் பிளாக்குக்கு அது தேவையே இல்லை, அதையும் தெரிந்துகொள்வது நல்லது. கையால் சுற்றும் விசைக்கு இவ்வளவு கனமான கட்டை வளையப் போவதில்லை. பழக வேண்டுமென்றால் ஒரு எஃகுப் பட்டையை எடுங்கள்: நீளம் 200 மி.மீ., அகலம் 20, தடிப்பு 5. ஒரு முனையைச் சுவரில் பதித்து, மறுமுனையில் தடிப்புவாக்கில் 50 நியூட்டன் தொங்கவிடுங்கள். எஃகின் மீள்தன்மை எண் 2 லட்சம் மெகாபாஸ்கல். பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் முனை 3.2 மி.மீ. இறங்கும், வேரில், அதாவது பதித்த முனையில், 120 மெகாபாஸ்கல் தகைவு (உலோகத்துக்குள் ஒரு பரப்பலகில் வரும் விசை) வரும். இந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்ட பிறகுதான் மென்பொருளில் ஓட்ட வேண்டும்.

மென்பொருள் பொருளை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும், அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். எளிய நான்முக எலிமென்ட் போட்டு, தடிப்புக்கு ஒரே அடுக்கு மெஷ் கொடுத்துப் பாருங்கள். 3.2-ஐவிட வெகு குறைவாக வரும், பட்டை உண்மையில் இருப்பதைவிட விறைப்பாக நடிக்கும். விளிம்பு வளையக்கூடிய இரண்டாம் படி எலிமென்ட்டுக்கு மாற்றினால் 3.2-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் வேரில் கூரான உள்மூலை உள்ள ஒரு வடிவம் வரைந்து, மெஷ்ஷைத் திரும்பத் திரும்பப் பொடியாக்குங்கள். மூலையில் தகைவு 150, 200, 300 என்று ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. கணித மாடலில் கூர்மூலையில் தகைவு முடிவிலிக்குப் போகும், மெஷ் அதைத் துரத்திக்கொண்டிருக்கிறது. நிஜத்தில் அங்கே ஒரு ஆரம் இருக்கும், அதை வரைந்தால் எண் ஓரிடத்தில் நிற்கும். சிவப்பு நிறத்தைக் கண்டு பயப்படுவதா, ஒதுக்குவதா என்று தெரிய இந்த இரண்டு பயிற்சிகளும் போதும். தடிப்பை 10 ஆக்கிப் பாருங்கள்: இறக்கம் எட்டில் ஒரு பங்காக, 0.4-ஆகக் குறையும், தகைவு நான்கில் ஒரு பங்கு, 30. அகலத்தை இரட்டித்தால் இரண்டுமே பாதிதான் குறையும். எங்கே உலோகம் சேர்த்தால் பலன் என்பதை மென்பொருள் இல்லாமலே இது சொல்லிவிடும்.

எந்த மென்பொருள் என்பதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1980களின் இறுதியில் புரோ இன்ஜினியர் கொண்டுவந்த அம்ச மரமும் பெயரிட்ட அளவுகளும்தான் இன்று சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ஃபியூஷன், கிரியோ, என்எக்ஸ், ஃப்ரீகேட் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஒன்றில் ஆழமாகப் போனவர் இன்னொன்றுக்குச் சில வாரங்களில் மாறிவிடுவார். கையில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். எதுவும் இல்லையென்றால் ஃப்ரீகேட் இலவசம், திறந்த மூலம். விளிம்புகள் பெயர் மாறி மாடல் உடையும் பழைய தொல்லை 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வேலைக்குப் போக நினைக்கும் நிறுவனத்தில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் கடைசி இரண்டு மாதம் அதில் பழகிக்கொள்ளுங்கள், போதும்.

கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே வெட்ட அனுப்பும்போது, எல்லாக் கேட் மென்பொருள்களும் படிக்கும் ஸ்டெப் கோப்பும் டிராயிங்கும் சேர்ந்து போக வேண்டும். ஸ்டெப்பில் வடிவம் இருக்கும், எந்த அளவு முக்கியம் என்பது பெரும்பாலும் டிராயிங்கில்தான் இருக்கும். முப்பரிமாண அச்சுக்குக் கொடுக்கும் எஸ்.டி.எல். கோப்பு வெறும் முக்கோணங்களின் தொகுப்பு, அதில் அலகு என்ற ஒன்றே கிடையாது. மில்லிமீட்டரில் வரைந்ததை எதிர்ப்பக்கம் அங்குலமாகத் திறந்தால் 25.4 மடங்கு பெரிதாகத் தெரியும். பதிப்பு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தில், வெவ்வேறு நாட்டுக் குழுக்கள் கேட்டியா என்ற கேட் மென்பொருளின் நான்காம், ஐந்தாம் பதிப்புகளைக் கலந்து பயன்படுத்தியதும் ஒரு காரணமாகி, கம்பித் தொகுப்புகள் பொருத்தும் இடத்தில் நீளம் போதாமல் போயின. 2006-இல் அறிவித்த தாமதங்களுக்குப் பின்னால் அந்தச் சிக்கல் இருந்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே இது நடந்தது. உங்கள் கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும், அதே எண் டிராயிங்கின் மூலையிலும் இருக்கட்டும்.

கடைசிக் கேள்வி, இயந்திரம் இல்லாமல் முடியுமா? முடியும், இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஏற்கெனவே யாரோ செய்ததைப் பிரித்துப் பார்ப்பது. ஒரு பழைய சைக்கிள் ஹப், பழுதான டிரில் மெஷின், எதுவானாலும் சரி. ஒவ்வொரு பாகத்தையும் அளந்து மாடல் செய்யுங்கள், முழு அசெம்பிளியாகச் சேருங்கள். சேர்க்கும்போது கேள்விகள் எழும். இந்தச் சுவர் ஏன் ஒன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது? அச்சிலிருந்து பிளாஸ்டிக்கை இழுத்து எடுக்க. விலா ஏன் சுவரைவிட மெலிதாக இருக்கிறது? அதே தடிப்பில் வைத்தால் ஆறும்போது வெளிப்பக்கம் குழி விழும். இந்தப் பரப்பு மட்டும் ஏன் பளபளப்பு, பக்கத்தில் ஏன் கரடு? பளபளப்பில் இன்னொரு பாகம் உட்காருகிறது. செய்தவர் எடுத்த முடிவுகளெல்லாம் பொருளிலேயே எழுதியிருக்கின்றன.

இன்னொன்று முப்பரிமாண அச்சு. நூலகம், கல்லூரி, நண்பர் என்று எங்காவது ஒரு பிரிண்டர் கிடைத்துவிடும். பேரிங் பிளாக்கைப் பிளாஸ்டிக்கிலேயே செய்யலாம். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான ஒட்டுதான் பலவீனமான இடம், அதனால் விசை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் வராதபடி படுக்க வைத்து அச்சிடுங்கள். அடுத்தது, துளைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சிறியதாகத்தான் வரும். எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர், பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் மாறும், என்னிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குப் பதிலாக 10 மி.மீ. தடிப்பில் ஒரு பட்டை வரைந்து, அதில் 22.0, 22.1, 22.2, 22.3, 22.4 என்று ஐந்து துளைகள் போட்டு, பக்கத்தில் எண்ணையும் பொறித்து அச்சிடுங்கள். பேரிங்கை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய், கவிழ்த்தால் விழாமல் நிற்கும் துளை ஒன்று இருக்கும். மாடலில் பேரிங் துளைக்குப் பெயர் வைத்தீர்களே, அங்கே அந்த எண்ணைப் போட்டுவிட்டு, இரண்டாம் பதிப்பை அச்சுக்குக் கொடுங்கள்.